நான்கு சளி டின்கள்

ஜூன் 17, திங்கள்

பனி. பத்து மணி வரை எதிர் மலை தெரியவில்லை. ஃபுளூ ஓய்ந்து, ஆறு வாரம் கழித்துத் தோட்டத்து மருந்தறையைத் திறந்தேன். வாசலில் ஒரு நாய் மட்டும்.

திரும்பத் தொடங்க வேண்டியவை:
அம்மை ஊசி.
கைக்குழந்தைகளுக்கு எடை.
நாள்பட்ட இருமல்காரர்களுக்குச் சளிச் சோதனை.
ஆயாக் கொட்டகை.

கடைசிதான் தோட்டத்தை நடத்தும் துரைக்கு அவசரம். ஃபுளூ நேரத்தில் பிள்ளைகளின் கொட்டகையை நோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டோம். பிள்ளையை விட இடமில்லாமல் பாதிப் பெண்கள் கொழுந்தெடுக்க வருவதில்லை. வியாழன் திறக்கணும், உத்தரவு.

மூத்த டிரசர் ஃபுளூவில் போனார்; மருந்து கொடுக்க இனி நான் ஒருவன்தான். அவர் கோட்டு இன்னும் ஆணியில். எடுக்கவில்லை.

இருமல் விடாதவர்கள் நால்வர். மூவர் கொழுந்து ஆட்கள். நாலாவது பாக்கியம் அக்கா, கொட்டகை ஆயா. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவர். காசம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளைத் தொட விடணும். சளி எடுக்கப் போத்தல் இல்லை. ரிங்லெட் டவுனில் முஸ்லிம் காக்கா கடையில் காலி சிகரெட் டின் கேட்டு வாங்கினேன். கொதிக்க வைத்தாயிற்று. மூடி இறுக்கம்.

ஜூன் 18, செவ்வாய்

தூறல். நாலு டின், பெயர் ஒட்டி. ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் கம்பி வேலிக்கு உள்ளே, மைக்ரோஸ்கோப் வெளியே, மருந்தறையில். கேட்டில் வேலு காவல். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று வேலி தாண்டும் டின்னுக்கெல்லாம் ஓட்டை, சேர்த்து வைத்தால் கெட்டுப்போக. நான் நோட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் நாலுக்கும் அடியில் ஆணி இறக்கிவிட்டான். சளிடா என்று கத்தினேன்.

"இன்னும் ரெண்டு மாசத்துல மெர்டேக்கா, சுதந்திரம் லா, டிரசர். அது வரைக்கும் டின்னுன்னா ஓட்டைதான்."

போய்ச் சேர்வதற்குள் நாலும் கூடையில் ஒழுகி ஒன்றாகிவிட்டது. கொட்ட மனசில்லை. சாயம் ஏற்றிப் பார்த்தேன். சிவப்புக் குச்சிகள். காசக்கிருமி. நால்வரில் ஒருவருக்காவது இருக்கிறது. யாருக்கு என்று கூடை சொல்லாது.

மதியம் ரொட்டி, சார்டின். சாப்பிட முடிந்தது.

ஜூன் 19, புதன்

ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் சீட்டு வாங்கினேன்: ஓட்டை வேண்டாம். கொட்டகைத் திறப்பைத் தள்ளிப் போடச் சொன்னேன். துரையிடம் அவர் வாய் திறக்க மாட்டாராம். யார் என்று தெரியாமல் யாரை நிறுத்தச் சொல்றீங்க என்றார். சரிதான்.

மறுபடி டின். மூன்று ஒழுங்கு. பாக்கியம் அக்கா பையிலிருந்து எடுத்தார். பை நனைந்திருந்தது. டின்னில் ஒன்றுமில்லை. அடியில் ஆணி ஓட்டை, சுத்தமாக.

"நேத்து கேட்ல ஒனக்கும் வேலுக்கும் சண்டையாம்ல. அதான் ஓட்டைய நானே போட்டுக் கொண்டாந்துட்டேன் தம்பி."

ஏசினேன். இத்தனை வருஷப் பழக்கம், ஏசி என்ன. நாளைக்கு இன்னொன்று தரச் சொன்னேன். சிரித்தார், இருமினார்.

மற்ற மூன்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கழுத்து வலி. மூன்றிலும் கிருமி இல்லை.

மே நோட்டைப் புரட்டினேன். பாக்கியம்: இருமல், சாயங்காலக் காய்ச்சல், மெலிவு. கீழே என் கையெழுத்து: ஃபுளூ. மிக்ஸ்சர். வேலைக்குத் தகுதி. வேலை என்றால், கொட்டகையில் ஃபுளூ நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டும் வேலை.

அழுகை எதுவும் வரவில்லை. கண்ணாடித் தகடுகளைக் கழுவி அடுக்கினேன்.

ஜூன் 20, வியாழன்

வெயில். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு முடிவதற்குள் கொட்டகைக்குப் போனேன். தூளிகள் எல்லாம் துவைத்துக் கட்டியிருந்தன. பினாயில் வாசனை. அக்கா புதுச் சேலை. டின்னை நீட்டி, ஓட்டை போடலை பார்த்துக்கோ என்றார். வாங்கிப் பையில் போட்டேன். முறைப்படி பார்க்கணும். பார்க்காமலே தெரியும்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதல் தாய் வந்துவிட்டாள், முதுகில் கூடை, இடுப்பில் கைக்குழந்தை. அக்கா கை நீட்டினார். குறுக்கே போய் நான் வாங்கிக்கொண்டேன். குழந்தை கத்தியது. தாய் புரியாமல் விழித்தாள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கையை இறக்கினார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாசல் வரை தள்ளிப் போய் நின்றார்.

"கழுத்தத் தாங்கிப் புடி தம்பி."