அரை என்றால் அரை என்ன?

14 நவம்பர் 2006, செவ்வாய்

ஒரு இரும்புக் கட்டை இன்று என்னால் ஸ்கிராப்புக்குப் போனது. அதில் 'பின்' என்கிற உருளைக் கம்பி நுழையும் துளைக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று சூப்பர்வைசர் மஞ்சப்பாவிடம் கேட்டிருந்தேன். "அரை போடும்மா, போதும்" என்றார். எங்கள் மெஷின் ஷாப்பில் யாரும் மில்லிமீட்டர் என்று சேர்த்துச் சொல்வதில்லை. நானும் கம்ப்யூட்டரில் படம் வரையும் 'கேட்' (CAD) மென்பொருளின் சமன்பாட்டில் 'பின் விட்டம் + 0.5' என்று மட்டும் அடித்தேன். கஸ்டமர் அனுப்பிய ஃபைலோ அங்குலத்தில் இருந்தது. துளை அரை அங்குலம் பெரிதாகிவிட்டது. இன்று மஞ்சப்பா பின்னை உள்ளே விட்டார். அது மறுபக்கம் விழுந்து உருண்டது. "இருக்கட்டும், விடும்மா" என்றார். திட்டியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்: "அரிசி எத்தன போட?"

"ரெண்டு டம்ளர்."

"டம்ளர்னு வேற சொல்லணுமா?"

"சொல்லணும்!" என்று கத்திவிட்டேன். பாவம், டம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.