முன்ஹாலில் ஐந்து ஏணை

திங்கள், 3 மார்ச் 1986

காலையிலேயே வெயில். நலத்துறைக் கடிதம், மலாயில். மூன்று முறை படித்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இனிப் பதிய வேண்டும். வெள்ளி மு.ப. 10க்கு அதிகாரி வருவார். கூடவே ஒரு படிவம்.

நல்ல ஏற்பாடுதான். நானே அதிகாரியாக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். பிறகு ஏன் மறுபடி எடுத்துப் படிக்கிறேன்?

அஞ்சலையிடம் சொன்னேன். என் கணவர் கிராணியாக, கணக்கெழுதுபவராக, இருந்த ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று தொழிலாளர் லயங்களை இடித்தபோது, சனமெல்லாம் டவுன் ஓரத்து இந்தப் புந்தோங்குக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு என்று என் முன்ஹாலைக் கேட்டாள். நாலு வருடம் ஆயிற்று. பெக்டரிக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள், பதினொன்று. அன்றைக்கு ஏன் சரி என்றேன்? சத்தம் பிடிக்காதவள் நான்.

அவள் பதில்: "வரட்டும்லா கிராணியம்மா. புள்ளைங்களத்தானே பாக்கப் போறாங்க."

செவ்வாய்

வாங்க: மருந்து சோப்பு. மூடி போட்ட குப்பைத்தொட்டி. கம்பிக் கதவுக்குக் கொக்கி. ஹாலுக்கு நான் போட்ட விதிகளைப் புதுத் தாளில் எழுதி ஒட்ட. (யாரும் படித்ததில்லை.)

படிவத்தில் ஒரு கட்டம். மேற்பார்வையாளர் பெயர், கல்வி. என் பெயர் என்றால் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்ச்சி என்று எழுதலாம். ஆனால் இந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட நான் துணி மாற்றியதில்லை. அஞ்சலை பெயர் என்றால் கல்வி? அவள் கைநாட்டு. இரண்டில் எது பொய் என்று தெரியவில்லை. காலியாக விட்டேன்.

மாலை சரோஜா வந்தாள், ஏழு மாதத் தேவியை எடுத்துப்போக. டவுனில் உள்ள நர்சரி சம்பளத்தில் பாதி கேட்கிறதாம். மாமியார் லகாட் ஊரில், படுத்த படுக்கை. இன்னும் ஒரு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும் என்று பெக்டரியில் சொல்லிவிட்டார்கள். "இங்க மூடிட்டா நான் எங்கக்கா போவேன்?" என்று அஞ்சலையைத்தான் கேட்டாள். ஹாலுக்குச் சொந்தக்காரி பக்கத்தில் நிற்கிறேன்.

வியாழன்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

கைக்குழந்தைகளுக்கு ஐந்து ஏணை, துணித்தொட்டில், உத்திரத்தில் தொங்குகிறது. எல்லாம் தாய்மார் இடுப்பில் கட்டும் பழைய சாரோங். அதுவும் ஞாயிறு இரவு கட்டிப் படுத்ததைத் திங்கள் காலை அப்படியே கொண்டுவந்து தருவார்கள். அழுக்கு. துவைத்துக் கொண்டுவரச் சொல்லி நாலு வருடமாகச் சொல்கிறேன். அஞ்சலை தலையாட்டுவாள், அவ்வளவுதான். துணி விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. 1951இல் தோட்டத்து டோபி என் நீல வாயில் துணிச் சேலையைத் தொலைத்துவிட்டு, வரவே இல்லை என்று சாதித்தான். அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து என் துணி என் கையால்தான்.

ஐந்து மணிக்கு எல்லாரும் போனபின் ஐந்தையும் அவிழ்த்தேன். கொதிக்கவைத்து, மருந்து சோப்பு போட்டு, அலசி, அடுப்படியில் காயவைத்து, இஸ்திரி. ஒவ்வொன்றிலும் எண் தைத்தேன். நான் படித்த கான்வென்ட் சிஸ்டர் பார்த்திருந்தால் ஒரு நல்ல சொல் சொல்லியிருப்பார். நிறைவான நாள்.

வெள்ளி

எப்படி எழுதுவது.

அதிகாரி சரியாகப் பத்துக்கு வந்தார். மலாய்ப் பெண், முப்பது வயதிருக்கும், மரியாதையானவர். வரும்போதே ஐந்து கைக்குழந்தைகளும் கத்திக்கொண்டிருந்தன. காலையிலிருந்தே. ஆட்டினாலும் அழுகை, பால் கொடுத்தாலும் அழுகை. அஞ்சலை ஒரு சாரோங்கை எடுத்து முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"தொவைச்சிட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.

"ஆத்தா வாசம் போச்சே, கிராணியம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வருடத்தில் இதை ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவில்லையோ? தலையாட்டியதெல்லாம் இதற்கா?

ஹால் சுத்தம், மிக நன்று என்றார் அதிகாரி. எண்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அஞ்சலையிடம், ஏன் இப்படி அழுகிறார்கள்? அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "பானாஸ், புவான்," என்றாள். வெக்கையாம். காற்றாடி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

எழுதிக்கொண்டார். மறுபடி வந்து பார்க்கும்வரை ஒரு வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்க வேண்டாம் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அதிகாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம், இரண்டு முறை கிழித்தேன். நான் துவைத்ததால்தான் அழுதார்கள் என்று எழுதினால், துவைக்காத துணியில் தூங்கவைக்கிறோம் என்று ஆகிறது. எழுதாவிட்டால், அஞ்சலைக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது என்று ஆகிறது. சுத்தம் தவறா? இல்லை. அப்புறம்?

திங்கள், 10

காலை 6, தூறல். சரோஜா வாசலில், தோளில் தேவி. "இன்னைக்கு மட்டும், கிராணியம்மா." எழுத்தில் வந்த உத்தரவை நான் மீறியதே இல்லை. கை நீட்டிக் குழந்தையை வாங்கிவிட்டேன். கூடவே சாரோங், கசங்கியது. அஞ்சலை கட்டினாள். தேவி முகத்தைத் துணியில் புதைத்து இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். கடிகாரத்தில் பார்த்தேன்.

ஒன்பதுக்கு வாசலில் கார். அதே அதிகாரி. மறைக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை அழவைத்தது வெக்கை அல்ல, நான்தான் என்று சொல்லிவிட்டேன். துணி விஷயமும் சொன்னேன். அவர் ஏணையருகில் போய்க் குனிந்தார். தேவி தூங்குவதைப் பார்த்தார். பிறகு, படிவத்தில் காலியாக இருக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பிப் புதனன்று அலுவலகத்துக்கு வாருங்கள், அதுவரை குழந்தைகள் இருக்கட்டும் என்றார். பதிவு கிடைக்குமா என்று கேட்டேன். கட்டத்தைப் பார்த்துத்தான் என்றார்.

செவ்வாய்

வெயில். அஞ்சலையை உட்காரவைத்து, தோட்டத்தில் யார் யாரைப் பார்த்துக்கொண்டாய், சொல் என்றேன். கல்விக்குப் பதிலாக எதையாவது எழுதலாமே. பெயர் பெயராகச் சொன்னாள். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது. நடுவில், "அப்புறம் நம்ம தம்பி."

எந்தத் தம்பி? என் மகனாம். அவன் கொட்டகைப் பக்கமே போனதில்லை என்றேன். 1951இல் நான் டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கணவரின் தங்கைதான் அவனைப் பார்த்துக்கொண்டாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"அவங்க வர்றதுக்கே ரெண்டு வாரம் ஆச்சுங்க. ஐயாதான் டெய்லி தூக்கிட்டு வந்தாரு. தம்பி அழுவான் பாருங்க, யாராலயும் முடியல. அப்புறம் ஐயா அழுக்குக்கூடையிலிருந்து ஒங்க சேலையைக் கொண்டாந்தாரு. நீலம். தம்பி அதை விடவே மாட்டான், கடைசியில கந்தலாப் போச்சு."

கட்டத்தில் எழுதிவிட்டேன். பெயர்: அஞ்சலை. கல்வி: பள்ளி இல்லை. என் மகனும் இவரிடம் இருந்தான். சரியா தவறா, தெரியவில்லை. மை காய்ந்துவிட்டது.

அந்த டோபியின் பெயர் என்ன? நினைவுக்கே வரவில்லை.