இரண்டு சிவப்புக்கு நடுவில்

ஜூன் 3
கடையில் கலர் அலமாரியை இன்று நானே அடுக்கினேன். பெட்டியில் வந்த வரிசையில் இல்லை. வெளிறியதில் தொடங்கி அடர்ந்தது வரை. துணிக் கலரில் குங்குமச் சிவப்புக்கும் அரக்குக்கும் நடுவே ஒரு நிறம் குறைந்தது. போஸ்டர் கலர் தட்டில் சரியான சிவப்பு இருந்தது, அதே அளவு பாட்டில். எடுத்து வைத்தேன். ஒன்பதாவதோடு நின்ற பிறகு எதையும் இப்படி ரசித்துச் செய்ததில்லை. கடையில் எனக்கு மூத்தவளான அனுசியா அக்கா, “ஏட்டி, விக்கவா வச்சிருக்க, வேடிக்க பாக்கவா?” என்றாள். சிரித்தேன். பேச்சு வரவில்லை. எப்போது வந்திருக்கிறது?

ஜூன் 9
செட்டியார்பட்டி மகாலட்சுமி அக்கா வந்தாள். தங்கை இந்துவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வளைகாப்பு. சேலையில் தானே மாதுளம்பூ வரையப் போகிறாளாம். “அந்தச் செவப்பு” என்று கை நீட்டினாள். நான் நடுவில் வைத்ததுதான். அனுசியா அக்கா எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் 14
நேற்று வளைகாப்பில் பன்னீர் தெளித்ததும் பூவெல்லாம் கரைந்து இந்துவின் மடியில் சிவப்பாக வழிந்ததாம். மாமியார், “இதென்ன சகுனம்” என்று எழுந்து போய்விட்டாராம். இந்து சாப்பிடாமல் அழுகிறாளாம். மகாலட்சுமி அக்கா பாட்டிலைக் கல்லாவில் வைத்தாள். “என்னத்தக் குடுத்திய?”

முதலாளி பால்சாமி அண்ணாச்சி பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். “பேப்பருக்கு உள்ளதத் துணிக்குக் குடுத்திருக்க. எட்டு வருசமா நிக்க, கண்ணு எங்க இருந்துச்சு?” கேட்டது அனுசியா அக்காவிடம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்.

நான் அலமாரி ஓரத்தில்தான் நின்றேன்.

ஜூன் 15
சொல்லலை.

ஜூன் 16
அக்கா நின்ற இடத்தில் அண்ணாச்சி என்னை நிறுத்தியிருக்கிறார். தெரியாமலா வச்சேன்? தண்ணி பட்டா கரையும்னு தெரியுமே. நிறத்த மட்டுந்தான் பாத்தேன். அலமாரிய அடுக்குனது நாந்தான்னு அக்காவுக்கும் தெரியும். ஏன் காட்டிக் குடுக்கல—

ஜூன் 18
சொல்லிவிட்டேன். அண்ணாச்சி ஊதுபத்தி ஏற்றும்போது, அவர் முதுகைப் பார்த்து. “நாந்தான் மாத்தி வச்சேன்.”

“நாலு நாளா வாயில என்ன இருந்துச்சு?” என்றார். மகாலட்சுமி அக்காவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அவள் முழுக்கக் கேட்டாள். “எங்கிட்டச் சொல்லி என்ன? இந்து மாமியாட்டச் சொல்லு” என்று அந்த அம்மாவையும் லைனில் சேர்த்தாள்.

“வெறும் கலருதானா?”

“ஆமா.”

“தாயி, கலருதானா?”

“கலருதான்மா. நான் தப்பா வச்சது.”

“சரி, வையி. அந்தப் புள்ளையச் சாப்பிடச் சொல்லணும்.”

ஜூன் 20
அனுசியா அக்காவை அண்ணாச்சியே போய்க் கூப்பிட்டு வந்தார். அவள் அலமாரியை முழுக்கப் பிரித்து அடுக்கினாள். கீழே உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி யார் கலர் கேட்டாலும் துணிக்கா, பேப்பருக்கா என்று நான்தான் விசாரிக்க வேண்டுமாம், அண்ணாச்சி உத்தரவு. இதற்கு வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாம்.

ஜூன் 27
கூமாப்பட்டிப் பெரியவர் ஒருவர் மஞ்சள் கலர் கேட்டார். விசாரித்தேன். அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறையும் விழவில்லை. பின்னால் இருந்து அனுசியா அக்கா, “சத்தமாக் கேளு, ஏட்டி” என்றாள். திரும்பி வந்த பிறகு என்னிடம் அவள் பேசியது இதுதான் முதல்.

சத்தமாகக் கேட்டேன்.