உன் பெயர் எழுதிய பெஞ்ச்

என் தங்க அம்மாவுக்கு,

முதலில் முத்தம். சண்டைக்கு அப்புறம் வருகிறேன்.

நீ போனபிறகு உன்னோடு பேசாத நாள் கிடையாது. அடுப்படியில் பேசுவேன், மார்த்தாண்டம் நெரிசலில் பஸ் நின்றுகிடக்கும்போது பேசுவேன். ஆனால் இந்த விஷயம் வாய்க்குள் முணுமுணுத்துத் தீருகிற மாதிரி இல்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நம்ம சபைக்காரர்கள் படித்தால் இன்னும் நல்லது.

விஷயம் உன் பெஞ்சைப் பற்றி.

நீ இறந்த வருஷம் நானும் தம்பியும் சேர்ந்து நல்ல அயினி மரத்தில் ஒரு பெஞ்ச் செய்து நம்ம சபைக் கோவிலுக்குக் கொடுத்தோம். சாய்மானத்தில் வெள்ளை பெயின்டில் உன் பெயர், அதற்குக் கீழே 'அன்பான நினைவாக' என்று எழுதவைத்தோம். நம்ம கோவிலில் மின்விசிறியிலிருந்து மணிக்கூண்டு வரைக்கும் யாராவது ஒருவரின் பெயர் இல்லாத பொருள் ஏது? எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஆனால் அதைக் கடைசியில் போடாமல் முன்னால் மூன்றாவது வரிசையில்தான் போடவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அஞ்சுகிராமத்து அய்யாவழிக் குடும்பத்திலிருந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவள் நீ. ஞானஸ்நானம் எடுத்து முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனபோது ஒருத்தியும் நகர்ந்து இடம் தரவில்லை. இருந்த இடைவெளிகளில் பைபிளை வைத்தார்கள், கைப்பையை வைத்தார்கள். ஆராதனை முடியும்வரை பக்கவாசல் தூணோடு சாய்ந்து நின்றாய். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் எங்களுக்குச் சொல்லுவாய். "காலு வலிச்சுது மக்கா, வேற ஒண்ணுமில்ல" என்பாய். வேறு ஒன்றும் இல்லையா அம்மா? பேரப்பிள்ளைகளைப் பார்த்த பிறகும் உன்னைப் 'புதுக் கிறிஸ்தவம்' என்றுதானே அவர்கள் சொன்னார்கள்?

அதனால்தான் மூன்றாவது வரிசை. இனி யாரும் உன்னை நிற்கவைக்க முடியாது என்று எனக்கு அன்றைக்கு அப்படியொரு திமிர்.

இப்போது சலோமியைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு அவளைத் தெரியாது. ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். அவளும் அவள் புருஷன் பிலிப்பும் கீரிப்பாறைக்குப் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார்கள். கைக்குழந்தை ஒன்று, பெண். அவர்கள் ஊரில் தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவர்களாம். நம்மைவிடப் பழையவர்களோ என்னவோ. ஆனால் நம்ம சபையில் அவர்களுக்கு 'ஹிந்திக்காரங்க' என்று ஒரே பெயர்தான். ஒரு வருஷமாகக் கோவிலின் பக்கவாட்டு வராந்தாவில் நின்றுதான் ஆராதனையில் கலந்துகொண்டார்கள். உள்ளே வா என்று நான் கூப்பிட்டால் சிரிப்பாள். பாட்டு மட்டும் சத்தமாகப் பாடுவாள், ராகம் நம்முடையது, வார்த்தை அவளுடையது.

பிள்ளைக்கு இங்கேயே ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். என்னை ஞானத்தாயாக இருக்கச் சொன்னாள். நான் அன்றைக்கே பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை வாங்கிவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, நல்ல மழை. வராந்தாவில் சாரல் அடித்திருக்கிறது. பிள்ளை நனையுதே என்று சலோமி உள்ளே வந்திருக்கிறாள். காலியாக இருந்தது உன் பெஞ்ச் ஒன்றுதான், அதில் உட்கார்ந்துவிட்டாள். நான் வழக்கம்போல பிந்தி வந்தேன். பக்கவாசலில் குடையை மடக்கும்போது பார்க்கிறேன், கமிட்டி செயலாளர் ஞானதாஸ் மாமா அவளை எழுப்பிக்கொண்டிருக்கிறார். அதட்டவில்லை. மரியாதையாகத்தான் கையைக் காட்டினார். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து மழைக்குள் போனாள். மாமா என்னைப் பார்த்து, "வா மக்கா, ஒனக்க எடம் காலியாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குத் தலைக்குமேல் ஏறியது. ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே பிடித்தேன்.

"ஏன் மாமா அவள எழுப்புனீங்க?"

"அது ஒனக்க அம்மைக்க பெஞ்சுல்லா! வேற ஆளு இரிக்கியத பாத்துட்டு நான் சும்மா இருந்தா நாளைக்கு நீதானே கேப்பே? அம்மைக்க மரியாதைக்குத்தான் செய்தேன்."

"யாரு வேணும்னாலும் இரிக்கலாம்னு நான்தானே சொல்லுதேன்."

"நீ சொல்லுவ. பேரு எழுதிப் போட்டாச்சுன்னா ஆளு இரிக்காது மக்கா. இத்தன வருசத்துல ஒங்க வீட்டு ஆளு அல்லாம வேற ஆராவது இரிச்சுப் பாத்தியா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. கல்யாணத்துக்கு ஆட்கள் வெளியே நிற்கும்போதுகூட உன் பெஞ்சில் பாதி காலியாகத்தான் கிடந்திருக்கிறது. மாமா பொல்லாதவர் இல்லை, அம்மா. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். பொல்லாதவராக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

கமிட்டிக்குப் போய்க் கேட்டேன். பெஞ்சுகளில் இருக்கிற பெயரையெல்லாம் எடுத்துவிடுங்கள், வருகிறவர்கள் வருகிற வரிசையில் இருக்கட்டும் என்றேன். எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றியதுபோல ஒரு சத்தம் எழுந்தது. தாத்தா பெயர், மாமனார் பெயர், குவைத்தில் இறந்த மகன் பெயர். அந்த மகனின் தகப்பனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவர், ஹிந்திக்காரர்களுக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தனியாக ஆராதனை வைக்கலாமே என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். தனியாகக் கொண்டுபோய் வைப்பதற்குப் பெயர் வரவேற்பா என்று கேட்டேன். போதகர் சின்னப் பையன், நல்லவன், கமிட்டி முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்.

சலோமியைத் தேடி அவர்கள் குடியிருப்புக்குப் போனேன். ரப்பர் ஷீட் காயப்போட்ட கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "வெளிய நிக்கறது கஷ்டம் இல்ல அக்கா. உக்காந்து, அப்பறம் எழுந்து போ சொல்றது, அதுதான்." அன்றைக்குப் பெஞ்சில் எழுதியிருந்தது வேத வசனம் என்று நினைத்துப் பிள்ளையின் கையை அதில் வைத்து ஜெபித்தாளாம். உன் பெயரில் கை வைத்து, அம்மா.

ஞானஸ்நானம் இப்போது வேண்டாம் என்கிறான் பிலிப். வெள்ளைச் சட்டை என் அலமாரியில் இருக்கிறது. பிள்ளை வளர்கிற வேகத்துக்கு அது எத்தனை நாள் சேரும்?

மற்றவர்கள் பெயரில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. உன் பெயரில் உண்டு. அதைத்தான் மஸ்கட்டிலிருக்கும் தம்பியிடம் போனில் சொன்னேன். "அக்கா, ஒனக்கென்ன வட்டா, பைத்தியமா? அம்மைக்க பேர நாமளே அழிக்கதா?" என்று கத்தினான். அப்புறம் அழுதான். உன்னை அடக்கம் பண்ணும்போது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் கல்லறைக்குப் போவதற்குமுன் அந்தப் பெஞ்சில்தான் போய் உட்காருவான். எனக்கு அது தெரியாமலா? நானும் அழுதேன். இப்போது என்னோடு பேசுவதில்லை.

நீயே சொல்லு. நான் செய்வது உன்னைக் கோவிலில் இரண்டாம் தரம் நிற்கவைப்பதா? கோபமா உனக்கு?

நம்ம வீட்டுக்கு மீன்காரி வந்தாலும் மீட்டர் பார்க்கிறவர் வந்தாலும் நீ முதலில் சொல்லுகிற சொல் ஒன்றுதான். "இரி மக்கா, இரி." அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் வந்த விஷயம் என்ன என்று கேட்பாய். தூணோடு நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு யாரும் சொல்லாத சொல். அதை எல்லாருக்கும் சொல்லியே நீ ஆறிக்கொண்டாயோ என்று இப்போதுதான் தோன்றுகிறது.

கடையில் உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் போவேன். ஞானதாஸ் மாமாவிடம் சொல்லிவிட்டேன், கோவில் சாவியைத் தரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. என் கையாலேயே தேய்ப்பேன், வேறு ஆளை விடமாட்டேன். உன் பெயர் இருந்த இடத்தில் வேறு எதுவும் எழுதவும் மாட்டேன்.

சலோமி திரும்பி வருவாளா, தெரியாது. தம்பி மன்னிப்பானா, அதுவும் தெரியாது. ஒன்றை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். இனி ஒரு ஞாயிறும் பிந்தமாட்டேன். மணி அடிப்பதற்குமுன் அந்தப் பக்கவாசல் தூணுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். யார் தயங்கி நின்றாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், உன் குரலிலேயே சொல்வேன்: "இரி மக்கா, இரி."

நீ நின்ற இடத்தில் நிற்கப்போகும்
உன் மூத்தவள்,
மெர்சி