அம்மா அவித்த மரம்

அன்புள்ள அத்தா, மண்ணுக்குள்ளும் யாரையாவது பிடித்துவைத்து மரக்கதை சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அவரைக் கொஞ்சம் விடுங்கள், இதைக் கேளுங்கள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து போன வாரம் கொடைக்கானலுக்கு வந்தேன். உங்கள் மரம் நலம். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆனபிறகும் அம்மாதான் சரியாகவில்லை. சாப்பிடுகிறாள், தொழுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் உங்கள் கோபம் ஆறியிருக்கும் என்ற தைரியத்தில் பழைய கதையை எடுக்கிறேன். ஐம்பதுகளின் தொடக்கம், நான் பாவாடை கட்டிய வயது. நம் மளிகைக் கடையில் சாமான் வாங்கும் வெள்ளைக்காரம்மா ஒருவர் சீமைக்குத் திரும்பினார். பஜாரில் எல்லாரும் அவரிடம் மேஜை, நாற்காலி கேட்டு வாங்க, நீங்கள் மட்டும் அவர் தோட்டத்து ஊசியிலை மரத்தின் விதை கேட்டீர்கள். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் பன்யா மரம். ஊரில் அது இரண்டோ மூன்றோதான் இருந்தது. பேரீச்சம்பழத்தைவிடப் பெரிய விதைகள் நாலைக் கையில் மூடிக்கொண்டு நீங்கள் வந்த நடையைப் பார்த்து, அம்மா நகை என்று நினைத்துவிட்டாள்.

“எடை போட்டே காலம் போகுது. ஒன்னையாவது மொளைக்க வச்சுப் பாக்கணும்” என்றீர்கள். அதற்காகக் கொல்லையில் பாத்தி கட்டினீர்கள், மாசியில் விதைத்தீர்கள், ஐப்பசி வரை தண்ணீர் ஊற்றினீர்கள். ஒரு பச்சைகூடத் தலை காட்டவில்லை. “பாய், மரத்துல காய் புடிச்சிருச்சா?” என்று பஜாரே கேட்டது.

அந்த மரம் முதலில் மண்ணுக்குள் கிழங்கு விட்டு, பிறகு தன் இஷ்டத்துக்குத்தான் மேலே வரும் என்று யாருக்குத் தெரியும்? பூண்டு நடலாம் என்று அம்மா பாத்தியைக் கொத்தினாள். விதைக்குக் கீழே கொழுத்த கிழங்கு. அம்மா சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் பிறந்தவள். கொட்டையைப் புதைத்தால் கிழங்கு வரும், வந்தால் பிடுங்கி அவிக்க வேண்டும், இதில் என்ன சந்தேகம்? “ஒங்கத்தா இப்பத்தான் உருப்படியா ஒரு சோலி பாத்துருக்காரு” என்று என்னிடம் சொல்லி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துவிட்டாள்.

சாயங்காலம் டீயோடு மூன்றையும் தின்றீர்கள். கடைசி வாயை மென்றுகொண்டே “ருசியா இருக்கே, ஏது?” என்று கேட்டீர்கள்.

“நீங்க நட்டதுதாங்க” என்றாள் அம்மா.

உங்கள் வாய் அப்படியே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. “நாலாவது எங்க?” என்றீர்கள். பக்கத்துத் தையல்கடை மீனாட்சி அத்தைக்குப் பச்சையாகக் கொடுத்தனுப்பியதாக அம்மா சொன்னதும், செருப்புகூடப் போடாமல் ஓடினீர்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“தங்கச்சி, அடுப்புல வச்சிட்டியா?”

“இல்லண்ணே, சஷ்டி விரதம்ல. முடிச்சுட்டுச் செய்வோம்னு கூடையில போட்டேன். அந்தா கெடக்கு.”

கிழங்கைக் கையில் ஏந்திக்கொண்டு நீங்கள் கண் கலங்கியதைப் பார்த்து, அத்தை பயந்துபோய் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தார். அன்று முதல் ஒவ்வொரு கந்த சஷ்டிக்கும் அவர் வீட்டுக்கு நம் கடையிலிருந்து பழக்கூடை போனது. ஏன் என்று பஜாரில் யாருக்கும் நீங்கள் சொல்லவில்லை.

திரும்ப நட்டதில் அந்த ஒன்று பிழைத்தது. அது முளை விட்ட அன்று கடையை அடைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதைச் சுற்றி வேலி போட்டு, அம்மாவை மட்டும் வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்தினீர்கள், கடைசிவரைக்கும். அது நியாயமா அத்தா? அவளும் ஒரு நாளாவது தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னாளா? இரண்டு பேருக்கும் வீம்பு.

பன்னிரண்டு வருஷம் மெல்ல வளர்ந்து, இப்போது மரம் உங்கள் உயரம். இந்த வாரம் இங்கே உறைபனி. உங்கள் பழுப்பு ஸ்வெட்டரை என் வீட்டுக்காரருக்குக் கேட்டேன். “அது சோலியா இருக்கு” என்றாள் அம்மா. ஸ்வெட்டருக்கு என்ன சோலி என்று கேட்டதற்கு நன்றாகத் திட்டு வாங்கினேன்.

மறுநாள் வெள்ளனே பால் ஊற்றும் மாரியப்பன் கொல்லை வழியாக வந்திருக்கிறார். மூடுபனிக்குள் ஸ்வெட்டரும் மப்ளரும் குரங்குக் குல்லாயுமாக ஓர் உருவம். “என்ன பாய், இந்தக் குளிர்ல நிக்கிறீங்க? ஒடம்புக்கு ஆகாது, வெரசா உள்ள போங்க” என்றிருக்கிறார். சொல்லி முடித்தபிறகுதான் நீங்கள் இறந்தது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது பால் கேன் ஒரு பக்கம், மாரியப்பன் ஒரு பக்கம்.

வேலிக்குள் உங்கள் துணியெல்லாம் உடுத்திக்கொண்டு மரம் நின்றது. முள் இலையில் மாட்டி ஸ்வெட்டர் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அதற்குப் பனி ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னேன். அம்மா காதில் வாங்கவில்லை. குல்லாயை இழுத்துச் சரிசெய்துவிட்டு மாரியப்பனைப் பார்த்தாள்.

“நீ சொன்னா உள்ள வந்துருவாராக்கும்? ஒங்க பாய் என்னைக்கு யாரு பேச்சக் கேட்டாரு?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள் அத்தா. நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நீங்கள் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் அழுகை வந்தது.

வேலியை நானே பிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். அடுத்த பனிக்கு அந்த ஸ்வெட்டர் மரத்துக்குப் பத்தாது, பெரிதாக ஒன்று பின்னிக் கொண்டுவருவேன். உங்களிடம் சொல்லாததையெல்லாம் அம்மா அதனிடம் சொல்லி முடிக்கும்வரை, அதன் மேல் யாரையும் கை வைக்க விடமாட்டேன். இது என் வாக்கு.

இரண்டு வீம்புக்காரர்களுக்கும் பிறந்த ஒரே மகள்,
மைமூன்