அன்னாருக்கு ஒரு கல்

அன்புள்ள அக்கா,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கோடு போட்ட கொப்பியில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரிகள் கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லொறி மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து இறங்குகின்றன. 'ண' எழுதும்போது எத்தனை சுழி என்று இன்னும் விரலால் தடவிப் பார்க்கிறேன். இந்த நாலு வரிக்குள் ஒரு கோப்பை பிளேன்ரீ ஆறிப்போயிற்று. இருந்தாலும் எழுபத்து மூன்று வயதில் எனக்கு எழுத வருகிறது அக்கா. பெருவிரலில் மை பூசிக்கொண்டு சம்பளத்துக்கு நின்ற ஆள் நான். உங்களுக்கு அடுத்ததாக நின்றவன்.

என் முன்னால் ஒரு தாள் கிடக்கிறது. அதில் யாரோ சென்ட் தெளித்திருக்கிறார்கள். முகர்ந்தால் குமட்டுகிறது. மாக்கெட்டுக்குப் பின்னால் உள்ள சாக்கடைக் கானில் மீன் கழுவிய தண்ணீரும் அழுகிய லீக்ஸ் இலையும் சேர்ந்து வரும் வாடையில் விளக்குமாற்றோடு முப்பத்தோரு வருசம் நின்றிருக்கிறேன், ஒருநாளும் எனக்குக் குமட்டியதில்லை. இந்தத் தாளுக்குக் குமட்டுகிறது. ஏன் என்று உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் சனசமூக நிலையத்தில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் பென்சன் எடுத்த ஒரு முஸ்லிம் டீச்சர். போன வருசம் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு வீட்டில் இருக்க முடியாமல்தான் அங்கே போய் உட்கார்ந்தேன். இப்போது குட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் எந்த பஸ் பன்வில, எந்த பஸ் கடுகண்ணாவை என்று யாரையும் கேட்பதில்லை. என் பஸ் வந்தாலும் ஏறாமல், வருகிற பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டு நிற்கிறேன். கண்டக்டர்மார் என்னைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொன்று கேளுங்கள். நாம் குப்பையைக் கூட்டிக் குவித்து லொறிக்குக் காத்து நிற்போமே, மாக்கெட் மூலையில் அந்த மஞ்சள் மதில்? அதில் எழுதியிருந்ததைக் கோயில் விளம்பரம் என்று நீங்கள் சொல்வீர்கள், நான் மருந்து விளம்பரம் என்பேன். போன மாதம் அதன் முன்னால் நின்று வாசித்தேன். 'இங்கு குப்பை கொட்டுவது முற்றாகத் தடை.' அத்தனை வருசமும் அதற்கடியில்தான் அக்கா நாம் குவித்திருக்கிறோம். நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

பத்திரிகையில் மரண அறிவித்தல்களை வாசித்துப் பழகச் சொன்னார் டீச்சர். சின்ன வரிகள், ஒரே மாதிரியான சொற்கள். ஒரு கிழமை முழுக்க வாசித்துவிட்டுக் கேட்டேன். "டீச்சர், இந்த அன்னார் யாரு? பாவம், ஒவ்வொரு வீட்டுலயும் இவருதான் செத்துப்போறாரு." டீச்சர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அன்னார் என்டா அவர்தான், மவுத்தானவர், எறந்தவர். மரியாதைக்கு அப்புடி எழுதுற" என்றார். எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. கூடவே இருந்த மனுசனை அன்னார் என்று சொல்லி யாரால் அழ முடியும்?

இனித் தாளுக்கு வருகிறேன். உங்களுடைய ஒரு வருச நினைவுக்கு உங்கள் மகன் கோயில் வாசலில் கால் கழுவும் பைப்பை உடைத்து, டைல்ஸ் பதித்து, புதிதாகக் கட்டிக் கொடுக்கிறான். மேலே ஒரு கருங்கல். கல்லில் வெட்டப்போகும் வசனத்தை அச்சடித்து, போன ஞாயிற்றுக்கிழமை என்னை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். "மாமாதான் அம்மாவோட வேல செஞ்ச பழைய ஆளு, மொதல்ல நீங்க பாருங்க" என்று தாளை நீட்டினான். எனக்கு வாசிக்க வராது என்றுதான் அவன் நினைத்திருந்தான். பூவும் குத்துவிளக்கும் அழகாக இருக்கின்றனவா என்று மட்டும் சொல்லச் சொன்னான்.

அந்த பைப்பை நினைத்துப் பாருங்கள் அக்கா. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பொதுக் குழாயடியில் குளித்து, சந்தன சோப் போட்டு, மடித்து வைத்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவீர்கள். அந்த பைப்படியில் மூன்று தரம் கால் கழுவுவீர்கள். பிறகும் உள்ளே போக மாட்டீர்கள். ஒருமுறை உள்ளே போனபோது ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். உங்கள் மேல் சோப் வாசம்தான் அடித்தது, நான் பின்னால்தான் நின்றேன். அவள் மூக்கைப் பொத்தியது வாடைக்கு இல்லை. அன்றிலிருந்து பைப்படியில் நின்றுதான் கும்பிட்டீர்கள். "அவருக்கு கண்ணு நல்லா தெரியும்டா. இங்கன நின்னாலும் பாப்பாரு" என்றீர்கள். எனக்கு அப்போது கடவுள் மேலேயே வெறுப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை.

மாக்கெட் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரன் நமக்கு கிளாசில் தராமல் ஜாம் போத்தலில் ஊற்றித் தருவான். நான் ஒருநாள் அதைக் கானில் எறியப் போனேன். நீங்கள் பிடுங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், வெந்நீரில் அலசி, சாமி தட்டில் வைத்துவிட்டீர்கள். "அவன் குடுத்தது போத்தலு. நான் வச்சது விபூதி." அந்த விபூதியைத்தான் எனக்கும் பூசி விடுவீர்கள். அந்தக் கடைக்காரனின் முகம் நினைவுக்கு வந்தால் இன்றும் எனக்குத் துப்ப வேண்டும் போல இருக்கிறது. மன்னியுங்கள், உங்களிடம் படித்ததில் இது மட்டும் எனக்கு வரவில்லை.

தினமும் இரண்டு சோற்றுப் பார்சல் கொண்டுவருவீர்கள். ஒன்று உங்களுக்கு, மற்றது பஸ் ஸ்டாண்டில் அன்றைக்குப் பசியோடு இருக்கிற யாருக்காவது. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் என் தெருவையும் சேர்த்து நீங்களே கூட்டினீர்கள். மேற்பார்க்கும் ஓவசியர் வந்து என்னைத் தேடினால், "இப்பதான் சார் அந்த வளைவுல திரும்புனாரு" என்பீர்கள். இரண்டு மாதமாக நான் அந்த வளைவிலேயே திரும்பிக்கொண்டிருந்தேன். புருசன் போன பிறகு தனியாளாக மகனை வளர்த்தவர் நீங்கள். உங்களுக்கே மூச்சு முட்டும் வேலை. என் பங்கையும் தூக்கிக்கொண்டீர்கள்.

இவ்வளவும் என் மண்டைக்குள் இருக்க, தாளைக் கையில் வாங்கினேன். வாய்விட்டுத்தான் எனக்கு வாசிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொடங்கினேன். "அன்-னார்... மா-ந-கர... ச-பை..." உங்கள் மகன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவர் பேசியது போல விழித்தான். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உங்கள் மருமகள் வந்து நின்றாள். அந்தச் சந்தோசத்தில் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன். அடுத்த சொல் நீளமாக இருந்தது. இரண்டு தரம் போய்ப் போய்த் திரும்பி வந்தேன். "உத்-தி-யோ-கத்-தராக... கடமையாற்றி..."

நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில்தான் இந்தத் தாள் எனக்கு நாறத் தொடங்கியது. விளக்குமாறு இல்லை, கான் இல்லை, குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு மழையில் நனைந்த நீங்கள் அதில் இல்லை. கதிரையில் உட்கார்ந்து பேனை பிடித்த யாரோ ஒரு அம்மா இருந்தாள். அன்றைக்கு மூக்கைப் பொத்தினவள் இன்றைக்குக் கல்லிலும் பொத்திக்கொண்டு நிற்பது போல இருந்தது.

"இது அன்னாருக்கு வைக்கிற கல்லு தம்பி. அக்காவுக்கு எங்க?" என்று கேட்டேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. நான் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக் குத்தினேன். பெற்ற தாயைச் சொல்ல வெட்கப்படுகிறாயா, அவள் கூட்டிய தெருவில்தானே சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போனாய் என்று இன்னும் என்னென்னவோ சொன்னேன். கொஞ்சம் கூடிப்போயிற்று. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் திருப்பிக் கோபிக்கவில்லை அக்கா. எழுந்து போய் உங்கள் அலுமாரியைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்த பழைய தாளைக் கொண்டுவந்தான். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நிரப்பிய ஃபோர்மின் பிரதி. தாயின் தொழில் என்ற இடத்தில் அதே சொல் இருந்தது. உத்தியோகத்தர்.

"நான் பொய் எழுதல மாமா. அம்மா இருந்த வரைக்கும் இத சாமி படத்துக்குப் பின்னாலதான் வச்சிருந்தாங்க. வீடு தீப்பிடிச்சா மொதல்ல இதத்தான் எடுப்பேன்னு சொல்லுவாங்க. நீங்கதான் கூடப் போனீங்கன்னும் சொன்னாங்க."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட அலுவலக அறை. நானும் நீங்களும் காக்கி உடுப்பைக் கழற்றி வேறு உடுத்திக்கொண்டு போயிருந்தோம். கிளார்க் ஐயா தலையைத் தூக்காமல் என்ன தொழில் என்று கேட்டார். நீங்கள் "முனிசிபல்ல" என்று சொல்லிவிட்டு நிறுத்தினீர்கள். அவர் "உத்தியோகமா?" என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான்தான் "ஆமா" என்றேன். ஒரே ஒரு 'ஆமா'. அவர் எழுதினார். நாம் இரண்டு பேரும் அந்த நீளமான சொல்லை, அது என்னவென்று தெரியாமல், மதிலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்படியானால் கல்லில் ஏறவிருந்த பொய் என்னுடையது. அவ்வளவு நேரமும் அவன் மேல் காட்டிய அருவருப்பு எல்லாம் திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது. நானும் என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் முனிசிபல் வேலை என்று மட்டும்தான் சொன்னேன். எனக்கு நானே மூக்கைப் பொத்தியிருக்கிறேன்.

அந்தத் தாளை ஏன் அவ்வளவு பத்திரமாக வைத்தீர்கள்? அந்தச் சொல் உங்களுக்குப் பிடித்ததாலா, மகன் படிக்கப் போனதற்குச் சாட்சி என்பதாலா? கேட்க நீங்கள் இல்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். பென்சன் எடுத்த பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொந்த விளக்குமாற்றோடு வந்து கோயில் வாசலைக் கூட்டினீர்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லத் துணியவில்லை. வேறு யாராவது கூட்ட வந்தால், "இது என் எடம், தள்ளு" என்பீர்கள். கூட்டி முடித்து, விளக்குமாற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பி ஒருமுறை வாசலைப் பார்ப்பீர்கள். அந்தப் பார்வையில் வெட்கம் இருந்ததை நான் ஒருநாளும் காணவில்லை.

"ஒரு பேனை தா" என்றேன்.

தாளின் பின்பக்கம் எழுதினேன். நேரம் எடுத்தது. 'இந்த வாசலைக் கூடியவர்.' எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

உங்கள் மகன் குனிந்து வாசித்தான். "சனம் என்ன சொல்லும் மாமா?" என்றான் மெதுவாக.

"வாசல் சுத்தமா இருந்துச்சுன்னு சொல்லும்."

அவன் என் கையிலிருந்த பேனையை வாங்கி, முன்பக்கத்தைத் திருப்பி, அன்னார் முதல் கடமையாற்றி வரை ஒரே கோடாக வெட்டினான். மறுபடி பின்பக்கம் திருப்பினான். 'கூ'வுக்கும் 'டி'க்கும் நடுவில், மேலே, சின்னதாக ஒரு 'ட்' போட்டான். கூட்டியவர். பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்லவா, நான் விட்ட எழுத்து அவன் கண்ணில் பட்டுவிட்டது. "இப்ப சரி மாமா" என்றான். கண் கலங்கியதற்கு நான் தாளில் இருந்த சென்டைத்தான் திட்டினேன், வேறு என்ன செய்ய. தனக்கு ஒரு பிரதி எழுதிக்கொண்டு, இந்தத் தாளை என்னிடமே கொடுத்துவிட்டான்.

தெருவில் நடக்கும்போது இப்போதும் என் வலது கை தானாக மடங்குகிறது, விளக்குமாறு பிடித்த மாதிரி. நீங்கள் பூசி விடும் அந்த விபூதி நெற்றியில் இருக்கிறது, ஜாம் போத்தலை மருமகள் எனக்கே தந்துவிட்டாள். அந்த ஒரு 'ஆமா'வும் இருக்கிறது. அதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை கல்லைப் பதிக்கிறார்கள். கல் வெட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை, அழகுக்காக எதையாவது சேர்த்துவிடுவார்கள். மூன்று தரம் கால் கழுவிவிட்டு, அதன் முன்னால் நின்று, விரலை வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை உங்களுக்கு எழுதுகிறேன் அக்கா. முதலில் அந்த 'ட்' இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

உங்கள் தம்பி