இடுப்பில் போட்ட ஊசிக்குத் தெரிந்த வழி

மதினி,

இன்று காலை பக்கத்து லைன் வீட்டிலிருந்து, நல்லெண்ணெயில் பூண்டு பொரியும் வாசம் வந்தது. யாருக்கோ காது வலி. அந்த எண்ணெய் எதுவரை போய் நிற்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அன்று நம் இருவருக்குமே தெரியாது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் எஸ்டேட்டுக்கு வந்தபோது, நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். நீங்கள் இருவரும் தேயிலை பேக்டரியில். மிஷின் சத்தத்தில் அங்கே பேசினால் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். மீசையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார், உதட்டில் இரண்டு விரல் வைத்தால் டீ நேரம். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. சோறு போதும் என்பதைக்கூடக் கையால்தான் சொல்வீர்கள். வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்கு அது சுகமாக இருந்தது.

உங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு நெஞ்சில் காசம் என்றார்கள். வேலைக்குப் போகாமல் தினமும் டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டீர்கள். இருமல் குறைந்தது, முகம் தெளிந்தது. ஒரு நாள், "காதுக்குள்ள சில்வண்டு கத்துதுடி" என்றீர்கள்.

"பேக்டரிச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகல போல மதினி."

"லீவு எனக்குத்தான், அதுக்கு இல்லயாக்கும்" என்று சிரித்தீர்கள். நான் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். கூப்பிட்டும் நீங்கள் திரும்பாதபோது கையை ஆட்டினேன். நீங்களும் கையால் பதில் சொன்னீர்கள். வேறு வீடாக இருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். நம் வீட்டில் இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், ரேஷன் வாங்கி வரும்போது மூடுபனி இறங்கியது. முன்னால் நடந்த உங்கள் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "மதினி, வழுக்கும், பாத்து" என்றேன். மூன்று தடவை கூப்பிட்டேன். கடைசியில் ஓடிவந்து முந்தானையைப் பிடித்தேன். என் உதட்டையே உற்றுப் பார்த்தீர்கள். "ஏண்டி, மனுசருக்குக் கேக்குற மாதிரிப் பேச மாட்டியா?" என்றீர்கள். நான் கத்தியிருந்தேன் மதினி.

கம்பவுண்டர் மலையாளத்தில், "சாரமில்ல, அதொக்கே மாறும்" என்றார்; பெரிய விஷயமில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று. அது மாறவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாம் இருவரும் குமுளியில் பஸ் ஏறிக் கம்பத்துக்கு இறங்கினோம். அங்கே டாக்டரம்மா கவை போன்ற ஒரு இரும்பைத் தட்டித் தட்டிக் காதருகே பிடித்துப் பார்த்தார். வலது காதில் ஒன்றுமில்லை. இடது காதில் கொஞ்சம் மிச்சம். ஊசிதான் காரணம், உடனே நிறுத்த வேண்டும், மாத்திரை மட்டும் போதுமா என்று பார்ப்போம் என்றார். அதை நான் கையால் உங்களுக்குச் சொன்னேன்.

நீங்கள் அழவில்லை. மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, "இவ பேசுறதக் கேக்குற வரைக்கும் அந்தக் காது நிக்குமா?" என்றீர்கள். அப்புறம், "இடுப்புல போட்ட ஊசிக்குக் காதுக்கு வழி தெரியுது. காதுலயே ஊத்துன எண்ணெய்க்கு ஏன் தெரியல? கேளுடி."

வெளி ஆளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். வெளியே ஒரு அறை, நடுவில் ஒரு அறை, உள்ளே நத்தைக்கூடு. "எண்ணெய் மொத அறையிலயே நின்னுரும். நடுவுல தோல் மூடியிருக்கு. ஊசி மருந்து ரத்தத்தோட சுத்தி உள்ள போயிருது."

"அந்தத் தோல்ல ஊசி குத்தி, காதைக் காப்பாத்துற மருந்த மட்டும் உள்ள வைக்க முடியாதாம்மா?" என்று அடுத்ததை நானாகவே கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரிய ஆஸ்பத்திரிகள்ல தலைசுத்தலுக்கு அப்படிப் போட்டுப் பாத்திருக்காங்கன்னு படிச்சிருக்கேன். நடு அறையிலருந்து நத்தைக்கூட்டுக்கு மெல்லிசான தோல் போட்ட ஒரு ஜன்னல் இருக்கு. மருந்து அதுவழியாக் கசியும். ஆனா காதைக் காப்பாத்துற மருந்துன்னு இன்னும் எங்க கையில ஒண்ணும் இல்ல. நல்ல கேள்வி." திரும்பும் பஸ்ஸில் அந்தச் சீட்டை விரித்து, விரலால் ஜன்னலைத் தடவிக்கொண்டே வந்தீர்கள். "இம்புட்டுக்கூண்டு ஜன்னலு. அதுக்கும் எவனோ சாவி வச்சிருப்பான்" என்றீர்கள்.

குழந்தை பேச்சுக்கு முன்னே கைச்சாடையைக் கற்றாள். உதட்டில் இரண்டு விரல் வைத்துப் பால் கேட்டாள். நீங்களோ அவளை எப்போதும் இடது தோளிலேயே போட்டுக் காத்திருந்தீர்கள். அவள் "ம்மா" என்ற அன்று அவளைத் தோளில் போட்டபடியே அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "கேட்டுச்சுடி" என்றீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு மறுபடி உங்களைப் படுக்க வைத்தது. பிறகு எழவில்லை. ஊசியை நிறுத்தியதால்தானா என்று டாக்டரம்மாவிடம் தனியே போய்க் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். பொய் சொல்லாததற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. மூடுபனி அன்றே இறங்காமல் இன்னும் ஒரு மாதம் கழித்து இறங்கி, அதுவரை ஊசி நெஞ்சைக் காத்திருந்தால் என்றும், இரண்டு மாதம் முன்பே இறங்கிக் காது தப்பியிருந்தால் என்றும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன்.

இப்போது டிஸ்பென்சரியில் ஊசிக்கு நிற்பவர்களின் பின்னால் போய் நிற்கிறேன். என் கையும் உதடும் தெரியாத இடத்திலிருந்து அவரவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். நேற்று பேக்டரி ஆள் ஒருவர் திரும்பவில்லை. நேரே கம்பவுண்டரிடம் போனேன். சாரமில்ல என்று தொடங்கினார். "சாரம் இருக்கு. கம்பத்துக்கு எழுதிக் குடுங்க" என்றேன். நகராமல் அங்கேயே நின்றேன் மதினி. அவர் சீட்டை எடுத்து எழுதினார்.